நுரையை உறைய வைக்கும் வித்தை

நம் சங்க இதழில் கதையும் கவிதையும் கோயில் வரலாறும் நிறைய வருகின்றன. ஒரு மாறுதலுக்குத் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, 37 ஆண்டுகள் இரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தேன். பிள்ளைகள் இங்கேயே படித்து வளர்ந்துவிட்டதால் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். எனக்குக் கொஞ்சம் பழக்கமான ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது நுரை.

நுரையா என்று சிரிக்க வேண்டாம். தலை வைத்துப் படுக்கும் தலையணை, பேருந்து இருக்கை, காலில் போடும் ஹவாய் செருப்பு, புது டி.வி.யைச் சுற்றி வரும் தெர்மாகோல், ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் எல்லாமே நுரைதான். சோப்பு நுரைக்கும் இவற்றுக்கும் ஒரே வித்தியாசம், இவை உறைந்துபோன நுரைகள். அந்த உறைதல் எப்போது, எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள் நல்லதாகவோ கெட்டதாகவோ அமைகிறது. மூலப்பொருள் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தச் சில நிமிடங்களில் பிசகினால் பிசகியதுதான்.

இரயில்வேக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இரண்டாம் வகுப்புப் பயணிகள் வெறும் மரப்பலகையில்தான் படுத்து வந்தார்கள். 1977-இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே அந்தப் பலகைகளின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை போட ஏற்பாடு செய்தார். இரண்டே அங்குலம்! சென்னைக்கோ டில்லிக்கோ குடும்பத்தோடு போய்வரும் நம்மவர்களின் முதுகுக்கு அவர் செய்த உபகாரம் சின்னதல்ல. நான் வேலையில் சேர்ந்தபோது அந்த மெத்தைகள் பராமரிப்புக்கு வர ஆரம்பித்திருந்தன. மேலுறையைக் கிழித்துப் பார்த்தால் சில புதிது போல இருக்கும். சில நொறுங்கி மாவாகக் கொட்டும். அப்போது பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை.

ஒரு மெத்தையில் எத்தனை மரம்?

பாறசாலையிலிருந்து கிழக்கே குன்னத்துகால், வெள்ளறடை என்று மலை நோக்கிப் போகப் போக தென்னையும் வாழையும் குறைந்து ரப்பர் மரங்கள் வரிசை கட்டி நிற்கும். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மரங்களுக்கு அந்தக் கோடு தெரியாது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர்கள் தோட்டத்துக்குள் போகிறார்கள். சிரட்டையில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்து, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைப்புரையில் தொங்கவிடுகிறார்கள். சிரட்டையில் தங்கியது ஒட்டுப்பாலாகத் தனி விலைக்குப் போகிறது.

ஷீட்டின் விலை யார் கையிலும் இல்லை. 2011-இல் கிலோ 240 ரூபாய்க்கு ஏறியது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டுகளில் எத்தனையோ தோட்டங்களில் மரம் வெட்டப்படாமல் சும்மா நின்றதை இந்தப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். "பாலை ஷீட்டாகத்தான் விற்க வேண்டுமா? நாமே ஏதாவது செய்து விற்கக் கூடாதா?" என்ற கேள்வி அப்போதுதான் பல வீடுகளில் எழுந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குல கனம் உள்ள ஒரு ரப்பர் நுரை மெத்தையின் கொள்ளளவு ஏறக்குறைய 170 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம் என்ற அடர்த்தியில் செய்தால் மெத்தையின் எடை 13½ கிலோ. அதே அளவுக்குக் கெட்டி ரப்பரை வார்த்தால் 150 கிலோவைத் தாண்டும்; நாலு பேர் தூக்க வேண்டும். அதாவது மெத்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்று. காற்றுக்கு விலை கிடையாது. ஆனால் அந்தக் காற்றைச் சரியான அளவில், சரியான இடத்தில் பூட்டி வைப்பதற்குத்தான் கடைக்காரர் காசு வாங்குகிறார்.

ஒரு மரம் ஒரு வெட்டுக்கு உலர்ந்த கணக்கில் 40 கிராம் ரப்பர் தருவதாக வைத்துக்கொண்டால், ஒரு மெத்தைக்கு 340 மரம். ஒரு வெட்டுக்காரர் ஒரு நாள் காலையில் வெட்டி முடிப்பது அநேகமாக அவ்வளவுதான். நீங்கள் படுத்திருப்பது ஒரு மனிதரின் ஒரு முழுக் காலை நேரத்தின் மேல்.

பால், மோர், தயிர்

ரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான ரப்பர் துளிகள். ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவு. மேலே ஒரு மெல்லிய புரதப் போர்வை, அதில் எதிர்மின்னேற்றம். எல்லாத் துளிகளுக்கும் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் மிதக்கின்றன. மரத்திலிருந்து வந்த பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம். இதில் அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு, 60 சதவீதம் வரை கெட்டிப்படுத்துகிறார்கள். நாம் மோர் கடைந்து வெண்ணெய் பிரிப்பது போலத்தான். நுரை செய்ய இந்தக் கெட்டிப் பால்தான் வேண்டும்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இனி வரும் விஷயம் என்னைவிட நன்றாகத் தெரியும். மாட்டுப்பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் உடனே திரிந்து கட்டி கட்டியாகப் போய்விடும். அதே பாலில் ஒரு கரண்டி மோர் உறை ஊற்றி வைத்தால் இரவு முழுவதும் மெதுவாகப் புளிப்பு ஏறி, காலையில் ஒரே பாளமாகத் தயிர் உறைந்திருக்கும். இரண்டிலும் வேலை செய்வது அமிலம்தான். ஒன்றில் தடாலென்று வந்தது. மற்றதில் மெல்ல மெல்ல, பாத்திரம் முழுக்க ஒரே நேரத்தில் வந்தது. ஷீட் அடிப்பவருக்கு முதல் வழி போதும். நுரை செய்பவருக்கு இரண்டாவது வழி வேண்டும். அவருக்கு உறைமோராக உதவுவது சோடியம் சிலிகோ ஃப்ளோரைடு என்ற வெள்ளைப் பொடி. தண்ணீரில் அது உடனே கரையாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து அமிலத்தை விடும். துளிகளின் மின்னேற்றம் குறையும், ஒன்றோடு ஒன்று ஒட்டும், சில நிமிடங்களில் முழு நுரையும் தயிர் போல நின்றுவிடும்.

இதைத் தொழிலாக்கியது டன்லப் கம்பெனி. 1929-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் ஈ. ஏ. மர்ஃபி என்பவர் கேக் மாவு அடிக்கும் கலக்கியில் ரப்பர் பாலை அடித்து நுரையாக்கி உறைய வைத்தார் என்று சொல்லுவார்கள். நம் ஊரில் எந்தக் கம்பெனி மெத்தையானாலும் "டன்லப் மெத்தை" என்று சொல்லிவந்ததற்குக் காரணம் இதுதான். அடிப்படைச் செய்முறை இன்றும் அதுதான். கெட்டிப் பாலில் கந்தகம், வேகவைப்பைத் துரிதப்படுத்தும் இரசாயனங்கள், கொஞ்சம் சோப்பு எல்லாம் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள். பிறகு எட்டு பத்து மடங்கு பொங்கும்வரை அடிக்கிறார்கள். கடைசியில் துத்தநாக ஆக்சைடும் உறைபொடியும் சேர்த்து ஒரு நிமிடம் கலக்கி அச்சில் ஊற்றி, உறைந்ததும் நீராவியில் அரை மணி நேரம் வேக வைக்கிறார்கள். கந்தகம் ரப்பர் இழைகளைக் குறுக்கே கட்டிப் போடுகிறது. பிறகு கழுவிப் பிழிந்து உலர்த்த வேண்டும்.

ரப்பர் மெத்தையில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றோட்டத்துக்காக என்று கடைக்காரர் சொல்லுவார். அதுவும் உண்மைதான், ஆனால் முதற்காரணம் வேறு. நுரை வெப்பத்தைக் கடத்தாது. நாலு அங்குல நுரையின் நடுப்பகுதி வேகுமுன் ஓரம் கருகிவிடும். அதற்காக அச்சில் அலுமினிய முளைகளை வைத்து உள்ளேயும் சூடு போகச் செய்கிறார்கள். முளை இருந்த இடம்தான் துளை.

குமிழிகளின் குடும்பச் சண்டை

இப்போது நுண்ணமைப்புக்கு வருவோம். நுரையை அடித்து வைத்துவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. குமிழிகளுக்கு இடையே உள்ள திரவம் தன் கனத்தால் கீழே வடியும். மேலே உலர்ந்த நுரை, அடியில் ஈரம். சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரியதில் குறைவு. ஆகவே சிறியவற்றின் காற்று சுவர் வழியாகக் கசிந்து பெரியவற்றுக்குள் போய்ச் சேரும். இருப்பவனிடமே மேலும் போய்ச் சேரும் உலக வழக்கம் குமிழிகளிலும் உண்டு! சுவர்கள் மெலிந்து உடைந்து இரண்டு குமிழி ஒன்றாவது இன்னொரு பக்கம். இட்லி மாவு அளவுக்கு மீறிப் புளித்தால் என்ன ஆகும்? சின்னக் குமிழிகள் சேர்ந்து பெரிதாகி, மேலே வந்து வெடித்து, மாவு அமுங்கி, இட்லி தட்டையாகும். புளிக்காமல் வார்த்தால் கல் இட்லி. நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் குமிழி இருந்த இடத்திலேயே சுவர் வெந்து நிற்கும். ரப்பர் நுரையும் அப்படியே. குமிழிகள் குலைவது ஒரு பக்கம், பால் உறைவது ஒரு பக்கம்; இரண்டுக்கும் ஓட்டப் பந்தயம்.

பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஜோசஃப் பிளாட்டோ 1873-இல் குமிழிகளைப் பற்றி ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். மூன்று படலங்கள் சேரும் இடத்தில் எப்போதும் 120 டிகிரிதான் இருக்கும் என்று கண்டு சொன்னவர் அவர். பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. உதவியாளர்கள் பார்த்துச் சொல்ல, அவர் கணக்குச் சொன்னார். கண் தெரியாதவர் உலகத்துக்குக் குமிழியைக் காட்டினார் என்பதை என் பேத்திக்கு நான் அடிக்கடி சொல்லுவேன்.

அறைகளின் அமைப்பு ஏன் முக்கியம்? 1980களில் கேம்பிரிட்ஜில் லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் ஒரு எளிய விதியை நிறுவினார்கள். திறந்த அறைகள் உள்ள நுரையில் அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். ஏனென்றால் அழுத்தும்போது அறைகளின் மெல்லிய கம்பிகள் வளைகின்றன. தலையணையின் அடியில் திரவம் வடிந்து தங்கினால் அந்தப் பகுதி பலகை போலவும், மேல் பகுதி பஞ்சு போலவும் ஆவதற்கு இதுதான் காரணம். அடர்த்தியில் சின்ன வித்தியாசம், விறைப்பில் பெரிய வித்தியாசம்.

இந்தப் பந்தயத்தையே வேறு விதமாக வென்றது டலாலே முறை. அச்சைப் பாதிக்குக் கீழே நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையைப் பொங்கவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி அளவுக்குக் குளிர வைத்துக் குமிழிகளை அசையாமல் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கரியமில வாயுவைச் செலுத்தினால் அதுவே அமிலமாகிப் பாலை உறைய வைக்கிறது. அறைகள் மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும். அதற்கு வேண்டிய இயந்திரங்கள் பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஒரு கொட்டகையில் பார்த்தது

எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு எல்லைக் கிராமத்தில் ஒரு குடும்பம். தகப்பனார் வெட்டுக்காரர், சொந்தமாக முக்கால் ஏக்கர். மகன் வளைகுடாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தலையணை செய்ய ஆரம்பித்தான். பேக்கரியில் மாவு அடிக்கும் கலக்கி ஒன்று, அலுமினிய அச்சு ஆறு, ரப்பர் விறகில் எரியும் நீராவிப் பெட்டி ஒன்று. தோட்டத்துப் பாலைக் கொடுத்துவிட்டுக் கெட்டிப் பாலாக விலைக்கு வாங்கி வருவான். முதல் இரண்டு மாதம் ஊற்றியதில் பாதிக்கு மேல் வீண். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. வெந்த ரப்பரும் அப்படியே. வீட்டுக்காரியின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

தகப்பனார்தான் என்னைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, பய ராத்திரி தூங்கமாட்டேங்கான். பாலு நல்ல பாலுதான். பொறவு எதுக்கு இப்படி அமுங்கிப் போவுது? நீங்க வந்து ஒரு வாட்டி பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். காலையில் ஊற்றிய தலையணைகளின் அடியில் அடை போலக் கெட்டியாக ஒரு படலம். மேலே பெரிய பெரிய பொத்தல். மத்தியானம் ஊற்றியவை வேறு மாதிரி. அச்சில் விழும்போதே கட்டிபட்டு மடிப்பு மடிப்பாக இருந்தன. பொடி விற்றவர் இன்னும் கொஞ்சம் கூடப் போடச் சொன்னாராம். கூடப் போட்டதில் மத்தியானக் கதை இன்னும் மோசம்.

இரயில் பெட்டியில் அச்சு சூடாகிறது என்றால் நாங்கள் முதலில் செய்வது அளப்பது. இங்கேயும் அதையே செய்யச் சொன்னேன். ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு 40 பக்க நோட்டு. ஜூலை மாத மழைக்காலம். காலை ஆறு மணிக்குப் பாலின் சூடு 25 டிகிரி. பொடி போட்டு உறைய ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பாதி வடிந்துவிட்டது. வெயில் அடித்த ஒரு மத்தியானம் 32 டிகிரி. இரண்டு நிமிடம் தாண்டியதும் கட்டி விழுந்தது. அதோடு ஒவ்வொரு டிரம்மிலும் அம்மோனியா வாடை வேறு வேறாக இருந்தது. அம்மோனியா மிகுந்தால் பொடி விடும் அமிலத்தை அது தின்றுவிடும், உறைவது தாமதமாகும்.

மருந்து பெரிய மருந்தல்ல. முந்தின இரவே பாலை வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மேலே மின்விசிறியைக் காட்டி மெதுவாகக் கிளறி அம்மோனியாவைக் குறைத்தான். கலக்கும் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, எப்போதும் 27 டிகிரியில் வைத்தான். ஒவ்வொரு முறையும் ஊற்றுமுன் ஒரு டம்ளர் நுரையில் மட்டும் பொடி கலந்து, விரலில் ஒட்டாமல் வரும் நேரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிடம் என்றால் அச்சில் ஊற்றலாம். கூடினால் குறைந்தால் பொடியின் அளவைத் திருத்த வேண்டும். அடிப்பதிலும் ஒரு மாற்றம்: பொங்கும்வரை வேகமாக அடித்தபின் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் பெரிய குமிழிகள் உடைந்து சின்னதாகி ஒரே அளவுக்கு வரும்.

விளைவைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய உபாயம் சொல்லிக்கொடுத்தேன். தலையணைத் துண்டை ஈரமான பிளேடால் நறுக்கி, முகத்தை ரப்பர் ஸ்டாம்ப் மைப்பேடில் மெல்ல ஒற்றி, வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும். தேன்கூடு போல அறைகளின் படம் விழும். பெட்டிச் சக்கரத்தின் வெடிப்புப் பார்க்க நான் வைத்திருந்த பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, 2 சென்டிமீட்டர் கோட்டில் எத்தனை அறை என்று எண்ணச் சொன்னேன். கெட்டதில் மேல் பக்கம் 12 இருந்தது. நல்லதில் மேலும் கீழும் 40க்கு மேல். மைக்ராஸ்கோப் இல்லாமலே நுண்ணமைப்பு தெரிந்துவிட்டது. அந்தத் தாள்களைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசினேன். அந்த உறைபொடி விஷம். மூக்கில் துணி கட்டாமல் கொட்டக் கூடாது. கழுவிய தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கும். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி வீட்டுக் கிணறு. அடுத்த வீட்டுக் கிணறும் தூரமில்லை. நம் ஊர்ப் பக்கம் எல்லோரும் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்தானே. தனித் தொட்டி கட்டி, சுண்ணாம்பு கலந்து ஃப்ளோரைடை வண்டலாக அடியில் தங்கவிட்ட பிறகே அடுத்த காரியம் என்றேன். தொட்டி கட்டச் செலவாகுமே என்று பையன் முகம் வாடியது. தகப்பனார் மறுநாளே கொத்தனாரை அழைத்து வந்துவிட்டார்.

செருப்பிலிருந்து ராக்கெட் வரை

எல்லா நுரைக்கும் இதே கேள்விதான். விடை மட்டும் மாறும். ஹவாய் செருப்பில் காற்றை அடித்து ஏற்றுவதில்லை. சூட்டில் நைட்ரஜன் வாயுவை விடும் ஒரு பொடியை ரப்பரோடு பிசைந்து, அழுத்தும் இயந்திரத்தில் வேக வைக்கிறார்கள். கதவைத் திறந்ததும் தகடு டப்பென்று ஒரு துள்ளல் துள்ளி பெரிதாகிவிடும். அறைகள் ஒவ்வொன்றும் மூடியவை; அதனால்தான் மழையில் நடந்தாலும் செருப்பு தண்ணீர் குடிப்பதில்லை. தலையணை அறைகளோ ஒன்றுக்குள் ஒன்று திறந்தவை. அதனால்தான் அமுக்கினால் மூச்சு விடுகிறது.

இன்று பெரும்பாலான மெத்தைகள், இருக்கைகள் பாலியூரிதேன் நுரை. இந்த இரசாயனத்தை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்தார். இரண்டு திரவங்களைக் கலந்தால், அதிலுள்ள சிறிது தண்ணீர் வினைபுரிந்து கரியமில வாயுவை விடுகிறது. பொங்குவதும் உறைவதும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றாக நடந்து முடிகின்றன. அறைச் சுவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சில துளி சிலிக்கோன். எடை குறைவு, விலை குறைவு. ஆனால் தீப்பற்றினால் வேகமாக எரிந்து சயனைடு கலந்த புகையைக் கக்கும். இரயில் இருக்கைகளுக்குத் தீத்தடுப்பு சேர்த்த நுரையே வேண்டும் என்று இரயில்வே வற்புறுத்துவது அதனால்தான். இருக்கையைக் கத்தியால் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கும் புண்ணியவான்களுக்கு இது தெரிந்தால் நல்லது; மேலுறையும் ஒரு காப்புதான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தும்பா இருக்கிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய இடம். இன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல்கட்டத்தில் உள்ள திரவ ஹைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி. அந்தத் தொட்டிக்குப் போர்வை நுரைதான். அங்கே திறந்த அறை கூடவே கூடாது. வெளிக்காற்று உள்ளே புகுந்தால் அந்தக் குளிரில் காற்றே திரவமாகிவிடும்.

அமெரிக்கக் கொலம்பியா விண்கலத்தை மறந்திருக்க மாட்டோம்; கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அதில் இருந்தார். 2003 ஜனவரி 16-இல் கிளம்பியபோது வெளித்தொட்டியிலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது சிறகில் மோதியது. பிப்ரவரி 1-இல் திரும்பும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் மாண்டனர். விசாரணைக் குழு அதே மாதிரியான வேறு தொட்டிகளின் நுரையை அறுத்துப் பார்த்தது. கையால் தெளித்துச் செய்த அந்தப் பகுதிகளில் உள்ளே வெற்றிடங்களும் குறைகளும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதவை.

மெத்தை வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. "நூறு சதவீதம் ரப்பர்" என்ற சீட்டை நம்புவதைவிடத் தூக்கிப் பாருங்கள். நீள அகல கனத்தைப் பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். ரப்பர் நுரை லிட்டருக்கு 60 கிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். பாலியூரிதேன் 20, 30 என்று நிற்கும். ஓரத்தில் உறையைக் கொஞ்சம் விலக்கச் சொல்லி, மேல் பக்கத்தையும் அடிப் பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி உள்வாங்கி ஒரே வேகத்தில் திரும்பி வர வேண்டும். ரப்பர் நுரையை வெயிலில் காயப் போடாதீர்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து ரப்பரைப் பொடியாக்கும். நான் அந்தக் காலத்தில் பெட்டிகளில் பார்த்த மாவு அதுதான். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

அந்தக் கொட்டகையில் இப்போது நாலில் மூன்று தலையணை தேறுகிறது. கடனில் பாதி நிற்கிறது. வளையல் ஒன்று திரும்பி வந்திருக்கிறது, இன்னொன்று வரவில்லை. விற்பனைக்குக் களியக்காவிளையிலும் பாறசாலையிலுமாக மூன்று கடைகள். போன வாரம் பையன் வந்து, மழைக்காலத்தில் ஐந்து நிமிடம் சரி, மீனம் மேடத்து வெயிலில் தொட்டித் தண்ணீரே 31 டிகிரி இருக்கிறது, என்ன செய்யட்டும் சார் என்று கேட்டான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஊற்றப்பா, உன் அப்பா வெட்டப் போகிற நேரம்தானே என்றேன்.